மண்டபத்து உப்புக் காற்றும் கொடைக்கானல் இறக்கமும்

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைச்சாலையில், ஊத்து என்ற ஊரைத் தாண்டி நாலைந்து வளைவுகள் கடந்திருந்த நேரத்தில், எட்டு ஆண்டுகளாக என் காலுக்குப் பழகியிருந்த பிரேக் மிதி திடீரென்று வேறொன்றாக இருந்தது. மிதி கீழே போகவில்லை. வழக்கத்தைவிடக் கெட்டியாகவே நின்றது. ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி தன் போக்கிலேயே உருண்டுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பிசின் கருகியதுபோன்ற ஒரு நாற்றம் உள்ளே வந்தது. பின் இருக்கையில் இருந்த அத்தை, "யாரோ டயரைக் கொளுத்துறாக போல" என்றார். கொளுத்திக்கொண்டிருந்தது நான்தான் என்பது அடுத்த வளைவு வரும்வரை எனக்கே உறைக்கவில்லை.

அந்த வளைவை எப்படியோ கடந்து அதற்கடுத்த இறக்கத்தில் மிதித்தபோது, கெட்டியாக இருந்த மிதி இப்போது பஞ்சுமூட்டையை மிதிப்பதுபோல் அமுங்கி, தரைக்கு இரண்டு விரற்கடை மேலே வந்து நின்றது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கும், இன்ஜின் அலறிய அலறலைப் பொருட்படுத்தாமல் முதலாவதுக்கும் மாற்றி, மிதியை விட்டு விட்டு மிதித்து, கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே சிறிது சிறிதாக மேலே இழுத்து, பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி வண்டியை நிறுத்தினேன். பொத்தானை அழுத்திக்கொண்டே இழுப்பது முக்கியம். அப்போதுதான் பின் சக்கரங்கள் இறுகிப் பூட்டிக்கொண்டால் உடனே விட முடியும். இதை நான் அன்று அறிந்து செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

இறங்கிப் பார்த்தால் முன்பக்க வலது சக்கரத்திலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. என் மகன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டு அதன் மேல் ஊற்றப் போனான். எங்களுக்குப் பின்னால் கேரட் மூட்டை ஏற்றி வந்த சரக்கு வண்டியை நிறுத்திய பெரியவர் ஒருவர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊத்தாதப்பா, டிஸ்க்கு வெடிச்சுப்போகும்" என்றார். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பழுக்கச் சுட்ட வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், கீறலும் விடும் என்பது பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தும் எனக்குத் தெரியாததல்ல; ஆனால் அந்த நேரத்தில் நானும் ஊற்றத்தான் சொல்லியிருப்பேன். பெரியவர் இரண்டு கற்களை எடுத்துச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டு, கைப்பிரேக்கை விட்டுவிடச் சொன்னார். பின்சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடாக இருக்கும்போது, அதை உள்ளிருந்து அழுத்தும் லைனரை இறுக்கிப் பிடித்து வைத்தால், ஆறும்போது இரண்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் என்பது அவர் விளக்கம். பிறகு என்னைப் பார்த்து, "எந்தக் கியர்ல ஏறினியோ அந்தக் கியர்லயே இறங்கணும் தாயி" என்றார். ஏறும்போது அந்தச் சாலையில் பெரும்பாலும் இரண்டாவது கியரில்தான் ஏறியிருந்தேன். இறங்கும்போது, பெட்ரோல் மிச்சமாகும் என்ற நினைப்பில், மூன்றாவதிலும் நான்காவதிலும் விட்டு, காலை மிதியின் மேலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். மிதி ஓரளவு திரும்பி வந்தது. அதன்பின் முதல் கியரும் இரண்டாம் கியருமாக, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, வழியிலுள்ள டம்டம் பாறை என்ற காட்சிமுனையில் மீண்டும் கால்மணி நேரம் நின்று, அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

நடந்தது என்ன என்பதை ஊருக்கு வந்த பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் சேர்ந்து வண்டியின் எடை ஏறத்தாழ 1,300 கிலோ. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அடிவாரம்வரை 1,700 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டால், வண்டி இழக்க வேண்டிய ஆற்றல் சுமார் 2 கோடியே 16 லட்சம் ஜூல். இது எவ்வளவு பெரியது என்பதற்கு எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியும் கணக்கு ஒன்று உண்டு. நாங்கள் தண்ணீரைக் குடக் கணக்கில் எண்ணிப் பழகியவர்கள். 30 டிகிரியில் இருக்கும் ஐந்து குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. அதில் பாதியை டயரும் எதிர்காற்றும் இன்ஜினும் தின்றுவிட்டாலும் மீதி பாதி, அதாவது இரண்டரைக் குடத்தைக் கொதிக்க வைக்கும் சூடு, முன் டிஸ்க்குகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உள்ளங்கை அளவுள்ள நான்கு பேடுகளிலும் அந்த இரண்டு டிஸ்க்குகளிலும் பின்னால் இரண்டு டிரம்களிலும் இறங்கியாக வேண்டும். வகுப்பில் ஆற்றல் அழியாது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள், அது எங்கே போகிறது என்பதைத் தன் வண்டியில் மட்டும் யோசித்துப் பார்க்கவில்லை.

இந்த விஷயத்தில் சமவெளி நம்மை ஏமாற்றிவிடுகிறது. மண்டபத்திலிருந்து உச்சிப்புளிக்கு நான் தினமும் போய்வரும் சாலை கோடு கிழித்ததுபோல் நேரானது. எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்லத்தக்கது பாம்பன் சாலைப் பாலம்தான். 1988-இல் திறக்கப்பட்ட, இரண்டே கால் கிலோமீட்டருக்கும் சற்று நீளமான அந்தப் பாலத்தில், படகுகள் அடியில் போவதற்காக நடுப்பகுதி உயர்த்தப்பட்டிருக்கிறது. அதன் இறக்கத்தில் பிரேக்கை யாரும் சோதிப்பதில்லை; ரயில் போகிறதா என்று வேடிக்கை பார்ப்பதற்காக மற்றவர்கள் போடும் பிரேக்குக்குப் பயந்து நாம் போடும் பிரேக்குதான் அதிகம். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்தினால் என்னுடைய காரைப் போன்ற சிறிய காரின் முன் டிஸ்க்குகள் முன்பிருந்ததைவிட ஐம்பது டிகிரி அளவுக்குக் கூடுதலாகச் சூடேறும். அடுத்த முறை மிதிப்பதற்குள் கடற்காற்று அதை ஆற்றிவிடும். ஆகவே பாதி செத்த பிரேக்கை வைத்துக்கொண்டும் எங்கள் ஊரில் பல ஆண்டுகள் ஓட்டலாம், ஓட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

சூட்டில் பிரேக் பிடி இழப்பதைப் பொதுவாகப் பிரேக் ஃபேடு என்பார்கள்; அது ஒன்றல்ல என்பதை அன்றைய மிதியே எனக்குக் காட்டியிருந்தது. முதலில் வந்தது பேடு சோர்ந்த நிலை. பேடில் உள்ள உராய்வுப் பொருளை ஒட்டிப் பிடித்திருப்பது ஒருவகை ரெசின். சாதாரணப் பேடுகள் 300 டிகிரியைத் தாண்டும்போது அந்த ரெசின் கருகி வாயுவை வெளிவிடத் தொடங்கும், உராய்வு குறையும். அப்போது மிதி கெட்டியாகத்தான் இருக்கும், வண்டிதான் நிற்காது. இரண்டாவதாக வந்தது பிரேக் ஆயில் கொதித்த நிலை. சூடு பேடிலிருந்து அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் போய், ஆயிலில் ஊறியிருந்த நீர் ஆவியாகிக் குமிழ்விடுகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் காலின் விசை முழுவதும் அந்தக் குமிழ்களை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. மிதி பஞ்சாவது இதனால்தான். பின்பக்க டிரம்முக்குத் தனியாக ஒரு குணம் உண்டு: சூட்டில் டிரம் விரிந்து லைனரை விட்டு விலகுவதால் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகும். மிதி கெட்டியா, பஞ்சா என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்வது, "பிரேக் பிடிக்கல" என்று மட்டும் சொல்வதைவிடப் பல மடங்கு பயனுள்ளது. நான் சொல்லவில்லை. அதனால் நான்கு மாதங்களும் சில ஆயிரம் ரூபாயும் வீணாயின.

வத்தலக்குண்டில் கிடைத்த ஒரு கடையில் முன்பக்கப் பேடுகளை மாற்றிக்கொண்டுதான் ஊர் வந்தோம். பெட்டி இல்லாமல் தாளில் சுற்றித் தந்த பேடு அது. பழைய பேடுகளை நான் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அது ஒன்றுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம். வலது சக்கரத்தின் உட்பக்கப் பேடு இரும்புத் தகடுவரை தேய்ந்திருந்தது. அதே சக்கரத்தின் வெளிப்பக்கப் பேட்டில் ஆறு மில்லிமீட்டர் மிச்சமிருந்தது, ஆனால் முகம் கண்ணாடிபோல் பளபளத்துக் கிடந்தது. இந்த வித்தியாசம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த செய்தியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பேடு மட்டம், நல்ல பேடு போட்டால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன்.

அடுத்து நான் செய்தது, பந்தயக் கார்களுக்கு ஒப்பான அதிவெப்பம் தாங்கும் பேடு என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு விலையுயர்ந்த ஜோடியைத் தபாலில் வரவழைத்து மாட்டியது. இதில் நான் கற்றுக்கொண்டதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் பயந்து வந்த எல்லோரும் முதலில் செய்வது இதுவாகத்தான் இருக்கிறது. அதிக வெப்பத்துக்கென்று செய்யப்படும் பேடு, சூடேறிய பிறகுதான் தன் முழுப் பிடியையும் காட்டும். குளிர்ந்த நிலையில் அதன் பிடி சாதாரணப் பேட்டையும்விடக் குறைவாக இருக்கலாம். எங்கள் சாலையில் பிரேக் சூடேறுவதே இல்லை. ஒருநாள் காலை ஏழரை மணிக்கு, உச்சிப்புளிக்கு முன்னால், சீமைக்கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளாட்டுக் கிடை சாலையில் ஏறியது. மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் அல்ல. ஒரு குட்டி பம்பரில் உரசிக்கொண்டு துள்ளி ஓடியது. கிடைக்காரர் என்னைத் திட்டியதில் நியாயம் இருந்தது. மலையில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆபத்துக்குப் பயந்து, தினமும் வரும் ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கி மாட்டியிருந்தேன். போதாக்குறைக்கு, ஞாயிறு முழுவதும் நிறுத்தியிருந்த வண்டியைத் திங்கட்கிழமை எடுத்தால் முன் சக்கரத்தில் "டக்" என்று ஏதோ பிய்ந்து வரும் ஒலியும் கேட்கத் தொடங்கியது. இரும்புத் துகள் மிகுந்த பேடு, துருவேறிய டிஸ்க்கோடு இரவெல்லாம் ஒட்டிக் கிடந்து, வண்டி நகரும்போது விடுபடும் ஒலி அது.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் முந்நூறு மீட்டர் இருக்காது. என் கணவர் வீட்டார் விசைப்படகு வைத்திருப்பவர்கள்; படகு இன்ஜினைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் வாரம் ஒருமுறையாவது வந்துபோவார். கார் வேலையும் தெரியும். ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "டீச்சர், பேடை மாத்தி மாத்திப் பாக்குறீக. அது மாட்டியிருக்கிற இடத்தப் பாத்தீகளா?" என்றார். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முதலில் இடது முன்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். இரண்டு சுற்று சுற்றி நின்றது. வலது சக்கரத்தைச் சுழற்றினார். கால் சுற்றில் நின்றது. யாரும் பிரேக்கை மிதித்திருக்கவில்லை.

சக்கரத்தைக் கழற்றியபின் அவர் காட்டியதை இன்றும் கண்ணில் வைத்திருக்கிறேன். என்னுடையதைப் போன்ற சாதாரணக் கார்களில் பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்கு ஒரு பக்கம்தான் பிஸ்டன் இருக்கும். அது உட்பக்கப் பேட்டைத் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேட்டை இழுத்து டிஸ்க்கில் சேர்க்கும். மேல் பின் விரலால் தள்ளினாலே நகர்ந்தது. கீழ்ப் பின்னின் ரப்பர் உறையில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. அந்தப் பின் அசையவே இல்லை. அதில் துருநீக்கி அடித்து, பத்து நிமிடம் விட்டு, ஒரு குழாயை நெம்புகோலாகப் போட்டுத் திருக்கியபோது, கிரீச்சென்ற ஒலியோடு அது வெளியே வந்தது. அதன் மேல் படிந்திருந்தது கிரீஸ் அல்ல. காய்ந்த புளியைப்போல் இறுகிய பழுப்பு. துளைக்குள் குச்சியைவிட்டுச் சுரண்ட, செந்தூள் கொட்டியது. காலிப்பர் நகராததால் வேலை முழுவதும் உட்பக்கப் பேட்டின் தலையில் விழுந்திருக்கிறது. பிரேக்கை விட்ட பிறகும் அது டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மலைக்குப் போகும் முன்பே, மண்டபத்திலிருந்து மதுரை போகும் வழியெல்லாம், அந்தச் சக்கரம் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. இறக்கத்தில் நான் கண்டது அதன் முடிவை மட்டும்தான்.

பேடின் காதுகள் உட்காரும் பள்ளத்திலும் இதே கதை. அங்கே ஒரு மெல்லிய ஸ்டீல் கிளிப் இருக்கும். அதன் அடியில் துரு வளர்ந்து கிளிப்பை மேலே தள்ள, பேடு நகர இடமின்றி இறுகிப்போகிறது. பேடு மாற்றுபவர்கள் பலர் பழைய பேட்டை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைச் சுத்தியலால் தட்டி உட்கார வைத்துவிடுகிறார்கள். தட்டித்தான் உட்காரும் என்றால் பின்னால் அது எப்படித் தானாக விலகும்? அண்ணன் கம்பிப் பிரஷ்ஷால் அந்தப் பள்ளத்தைத் தேய்த்து, புதிய கிளிப் போட்டார். பின்னுக்கும் உறைக்கும் புதியவை போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவினார். சாதாரண வீல் கிரீஸைத் தடவக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் பாகங்களின் ரப்பர் உப்பிப் பின்னை முன்னைவிட இறுக்கிவிடும். இந்த வேலை முழுவதற்கும் ஆன செலவு, நான் வாங்கிய பந்தயப் பேட்டின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிறகு பிரேக் ஆயில். தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் கடுங்காப்பி நிறம். மாற்றியது எப்போது என்று கேட்டார். மாற்ற வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. குறைந்தால் ஊற்றுவது என்றுதான் இருந்தேன். டாட் 3, டாட் 4 என்று எண்ணிட்டு விற்கும் ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையவை. புதிதாக இருக்கும்போது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் ஏறிவிட்டால், முன்னது 140-க்கும் பின்னது 155-க்கும் இறங்கலாம் என்பதே அந்தத் தரத்தின் அளவுகோல். எங்கள் காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உப்புப் புட்டியே இங்கே கண்ணீர் விடும். எட்டு ஆண்டு ஆயில் அன்று கொதித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றி ஏர் எடுப்பது, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது என்பதை இப்போது நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். வண்டிக் கையேடு அனுமதித்தால் டாட் 3-க்குப் பதில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கான் வகை; எண் கூடுதலாக இருக்கிறதே என்று அதை இவற்றோடு கலந்துவிடக் கூடாது. மிச்சமான அரைப் புட்டியை அலமாரியில் வைத்து மறுமுறை பயன்படுத்துவதும் வேண்டாம். திறந்த புட்டியும் ஈரம் குடிக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பேடைப் பற்றிய பேச்சு வந்தது. என் அனுபவத்தில் அதன் இடம் அதுதான்: மூன்றாவது. பேடின் ஓரத்திலோ பின்தகட்டிலோ அச்சிட்டிருக்கும் எழுத்துகளின் கடைசியில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது எழுத்து சூடான நிலையில் எவ்வளவு என்பதையும் குறிக்கிறது. ஈ என்றால் உராய்வுக் குணகம் 0.25-க்கும் 0.35-க்கும் இடையில், எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்ஈ என்றிருந்தால் சூட்டில் சோர்ந்துபோகும் பேடு என்று பொருள். எஃப்எஃப் என்றால் இரண்டு நிலையிலும் ஏறக்குறைய ஒரே பிடி. வத்தலக்குண்டில் எனக்குத் தந்த பேட்டில் எந்த எழுத்துமே இல்லை. இந்த எழுத்துகளை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்: சோதனை ஒரு சிறு துண்டை வைத்துச் செய்யப்படுவது, இரண்டு நிறுவனங்களின் எஃப்எஃப் ஒன்றுபோல் இருக்கும் என்ற உறுதி இல்லை. ஆனாலும் எழுத்தே இல்லாத பேட்டை நான் இனி வாங்கமாட்டேன்.

பொருளைப் பொறுத்தவரை மூன்று வகை கடையில் கிடைக்கும். ஆர்கானிக் என்று சொல்லப்படுவது மென்மையானது, சத்தம் போடாதது, டிஸ்க்கை அதிகம் தேய்க்காதது. ஆனால் சூட்டுக்கு முதலில் தோற்பது. செமி மெட்டாலிக்கில் உலோகத் தூளும் இழையும் கணிசமாகக் கலந்திருக்கும். சூட்டைக் கடத்தித் தாங்கும். கருந்தூள் கொட்டும், சில நேரம் கீச்சிடும், எங்கள் காற்றில் துருவும் பிடிக்கும். செராமிக் தூள் குறைவாகக் கொட்டும், துருவுக்கு இடம் கொடுக்காது. விலை கூடுதல், எல்லா வண்டிக்கும் கிடைப்பதில்லை. மலையடிவாரத்தில் வாழ்ந்து தினமும் ஏறி இறங்குபவர் என்றால் செமி மெட்டாலிக்தான் சரி என்பேன். கடலோரத்தில் இருந்துகொண்டு ஆண்டுக்கு ஓரிரு முறை மலைக்குப் போகும் என்னைப் போன்றவர்களுக்கு, கார் நிறுவனத்தின் பெட்டியிலேயே வரும், எஃப்எஃப் எழுத்துள்ள சாதாரணப் பேடு போதும். ஆயிலும் பின்னும் சரியாக இருந்து, கியரில் இறங்கத் தெரிந்திருந்தால். வெளிச்சந்தையில் வாங்குவதென்றாலும் நமக்குக் குறையில்லை. பிரேக் பொருள்களுக்குப் பெயர்போன ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், பிரேக்ஸ் இந்தியா ஆகிய நிறுவனங்கள் சென்னையைச் சேர்ந்தவை. கவலை போலிகளைப் பற்றித்தான். பில் தரும் கடையில், முத்திரை உடையாத பெட்டியாக வாங்க வேண்டும்.

கடலோரத்துக்காரர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது பேடின் முகத்தைவிட முதுகை. பின்தகட்டில் பெயின்ட் நன்றாக ஏறியிருக்க வேண்டும். மட்டமான தகட்டில் ஓரத்திலிருந்து துரு உள்ளே ஊர்ந்து, தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் நடுவில் உப்பி, உராய்வுப் பொருளைத் தகட்டிலிருந்தே பிரித்துவிடும். பேடு பாதிகூடத் தேய்ந்திருக்காது, ஆனால் கழன்று விழும். மீன் ஏற்றும் ஒரு சிறுவண்டியில் இப்படிப் பிரிந்த பேட்டை அண்ணன் எனக்குக் காட்டியிருக்கிறார். ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புநீர் தினமும் சக்கரத்தில் விழும் வண்டி அது.

புதுப் பேடு மாட்டிய அன்றே மலையேறுவதும் தவறு. புதிய பேடில் உள்ள ரெசின் முதல் சூட்டில் வாயுவை வெளிவிடும். டிஸ்க்கோடு முகம் படியாத நிலையில் பிடியும் முழுதாக இருக்காது. நான் இந்த முறை பேடு மாற்றிய மறுநாள், ஆளரவமில்லாத விடியற்காலையில், கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை நிதானமான அழுத்தத்தில் குறைத்து, மீண்டும் வேகமெடுத்து, இப்படிப் பத்துமுறை செய்தேன். நடுவில் முழுதாக நிறுத்தவில்லை. சூடான பேட்டை ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் அதன் பொருள் டிஸ்க்கில் திட்டாகப் படிந்துவிடும், பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். கடைசியில் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன். மிதியில் தெரிந்த மாற்றத்தைச் சொல்லி விளக்க முடியாது. ஆறாவது முறைக்கு மேல், கால் வைத்த அளவுக்கு ஏற்ப வண்டி குறைந்தது.

வண்டி கழுவுவதிலும் ஒரு திருத்தம் செய்துகொண்டேன். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உவர். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீரைக் காருக்கு ஊற்ற மனம் வராமல், இத்தனை ஆண்டுகளாக உப்புத் தண்ணீரில்தான் கழுவியிருக்கிறேன். தனுஷ்கோடி போய்வந்து மணலும் உப்பும் போகட்டும் என்று கழுவியதுகூட உப்பாலேயே. இப்போது உடம்பை எதனால் கழுவினாலும், சக்கரங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு வாளி நல்ல தண்ணீர். அதுவும் ஓட்டிவந்த சூடு ஆறிய பிறகு. கழுவி முடித்ததும் தெருக்கோடிவரை ஓட்டி, மூன்று நான்கு முறை மிதித்து டிஸ்க்கை உலர வைத்துவிட்டுத்தான் நிறுத்துவது. அத்தைக்கு இது வீண் செலவாகத் தெரிகிறது. சக்கரத்துக்குக் குடிதண்ணீரா என்று கேட்கிறார். பதில் சொல்வதில்லை.

இந்த ஆண்டு கோடை விடுமுறையில் அதே ஐந்து பேரோடு அதே சாலையில் மீண்டும் போய்வந்தோம். இறங்கும்போது இரண்டாவது கியர். வேகம் 35-ஐத் தாண்டும்போது ஒருமுறை அழுத்தமாக மிதித்து 25-க்குக் கொண்டுவந்து, உடனே காலை எடுத்துவிடுவது. மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே இருப்பதைவிட இப்படி மிதித்து விடுவதில் பேடுக்கு ஆற நேரம் கிடைக்கிறது. நியூட்ரலில் விடுவதையோ இன்ஜினை அணைத்து இறங்குவதையோ நினைத்தும் பார்க்கக் கூடாது. இன்ஜின் நின்றுவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் நின்று மிதி கல்லாகிவிடும். மகன் தன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கென்று வாங்கிய, தொடாமலே வெப்பம் அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவியைக் கொண்டுவந்திருந்தான். டம்டம் பாறையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் டிஸ்க்கையும் டிரம்மையும் நோக்கிப் பிடித்து அவன் படிக்க, நான் எழுதிக்கொண்டேன். பளபளக்கும் இரும்பில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்; ஆனால் இடதையும் வலதையும் ஒப்பிட அது போதும். முன் இடது 142, முன் வலது 149. மிதி மேலேயே நின்றது, நாற்றம் இல்லை.

பின்பக்கம்தான் இடறியது: இடது 71, வலது 98. அத்தை வண்டிக்குள்ளிருந்தே, "இப்ப எதக் கழட்டப் போற?" என்று கேட்டார். வலது டிரம்முக்குள் கைப்பிரேக் கேபிள் துருவேறி முழுதாகத் திரும்பி வராமல் இருக்கலாம் என்பது மெக்கானிக் அண்ணனின் கணிப்பு. வரும் சனிக்கிழமை டிரம்மைக் கழற்றிப் பார்க்கிறோம்.